எவ்வயதிலும் வேண்டும் கண் பரிசோதனை

நம் பள்ளி ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் கட்டுரை ஒன்று எழுதுவது வழக்கம். முன்னைய மலர்களில் ஒழுக்கம், சேமிப்பு, நூலகத்தின் பயன் என்றெல்லாம் எழுதினேன். இம்முறை கண்ணைப் பற்றி எழுத எண்ணினேன். நான் மருத்துவனல்லன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று வந்த பள்ளி ஆசிரியன். ஆயினும் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கண்களை நாள்தோறும் நேருக்கு நேர் பார்த்து வருபவன். அப்படிப் பார்த்தும் நான் காணாமல் விட்ட ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஜொகூரின் வேறொரு தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பிற்குக் கணிதம் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவன். மனக்கணக்கில் அவனை வெல்ல ஆளில்லை. வாயால் கேட்டால் உடனே விடை வரும். ஆனால் பலகையில் எழுதிப் போட்ட கணக்கைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னால், எட்டு மூன்றாகும், ஆறு சுழியமாகும். எப்போதும் பக்கத்து மாணவனின் ஏட்டை எட்டிப் பார்ப்பான். நான் அவனைப் பலமுறை கண்டித்தேன். மதிப்பெண் அட்டையில் ‘கவனக்குறைவு’ என்று என் கையாலேயே எழுதினேன். பார்த்து எழுதுகிறான் என்ற எண்ணத்தில், தனியாக இருக்கட்டும் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். பலகையைக் காண இயலாத பிள்ளையைப் பலகையிலிருந்து இன்னும் தொலைவிற்கு அனுப்பிய புத்திசாலி நான்தான்.

அந்த ஆண்டு பள்ளிச் சுகாதாரக் குழுவினர் வந்தனர். முதலாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கே அன்று கண் பரிசோதனை. அறையில் நாற்காலிகளை எடுத்து வைக்க இம்மாணவனை அனுப்பியிருந்தேன். வேலை முடிந்த பின்பும் அவன் அங்கேயே நின்றதைக் கண்ட தாதியார், “நீயும் வா, தம்பி” என்று விளையாட்டாக அழைத்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார். அட்டையின் உச்சியிலிருந்த பெரிய எழுத்தைத் தவிர அவனால் எதையும் படிக்க முடியவில்லை. மறு கண்ணிலும் அதே நிலை. தாதியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதலாம் ஆண்டில் இவனுடைய பார்வையைச் சோதித்த குறிப்பும் இருந்தது. அப்போது குறையொன்றும் இல்லை. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் வந்த குறை அது. ஆறாம் ஆண்டு வரை காத்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் அவன் ‘கவனக்குறைவு’ உடையவனாகவே இருந்திருப்பான்.

பெற்றோர் அவனைக் குளுவாங் பட்டணத்திற்கு அழைத்துச் சென்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தனர். அதை அணிந்து வந்த முதல் நாள் காலை, வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து, “ஐயா, அந்தக் கடிகாரத்தில் மூணாவதா ஒரு முள்ளு இருக்கே, அது புதுசா?” என்று கேட்டான். வினாடி முள்ளைத்தான் கேட்டான். அதே வகுப்பில் அவன் பல மாதங்கள் அமர்ந்திருந்தவன்.

மாணவச் செல்வங்களே, அவன் ஏன் முன்னமே, ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்று சொல்லவில்லை? எண்ணிப் பாருங்கள். தனக்குத் தெரிவதுதான் எல்லாருக்கும் தெரிகிறது என்று அவன் நம்பியிருந்தான். பல் வலித்தால் பிள்ளை அழும். காலில் முள் குத்தினால் நொண்டும். கண்ணில் பார்வை குறைந்தால் வலியில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. முகத்தில் உள்ளவற்றையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் கண், தன் குறையை மட்டும் தானே பார்த்துக்கொள்ளாது. அதனால்தான் அதைப் பிறர் சோதிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஒருமுறை சோதித்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. வயது மாற மாறக் கண்ணும் மாறுகிறது.

சுவரில் தொங்கும் அந்த எழுத்து அட்டையைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் என்பவர் 1862-ஆம் ஆண்டில் இதை அமைத்தார். அதுவரை மருத்துவர்கள் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு எழுத்து மாதிரிகளைக் காட்டிப் படிக்கச் சொல்வர். ஸ்னெல்லன் எழுத்தின் அளவையும் நிற்கும் தூரத்தையும் கணக்கிட்டு ஒழுங்குபடுத்தினார். ஆறு மீட்டர் தொலைவில் நின்று, நல்ல பார்வையுடையவர் படிக்கக்கூடிய வரியைப் படித்துவிட்டால் ‘ஆறுக்கு ஆறு’ என்று குறிப்பர். ‘ஆறுக்குப் பன்னிரண்டு’ என்றால், மற்றவர் பன்னிரண்டு மீட்டரிலிருந்து படிப்பதைப் படிக்க, இவர் ஆறு மீட்டருக்கு நெருங்கி வர வேண்டும் என்பது பொருள். ‘ஆறுக்கு அறுபது’ என்பதை இப்போது நீங்களே கணக்கிட்டுக்கொள்வீர்கள். என் மாணவனின் நிலை அதுதான். எழுத்தறியாதவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும், ஆங்கில ‘ஈ’ எழுத்தை நான்கு திசைகளிலும் திருப்பித் திருப்பி அச்சிட்ட அட்டை உண்டு. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினாலே போதும். ஆகவே படிப்பறியாத பாட்டியும் ‘எனக்கு எழுத்துத் தெரியாதே’ என்று தயங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பதில் ஒரு நுட்பம் உள்ளது. இரு கண்களையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். பிறந்த குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் கோளாறு இருந்தால், மூளை அந்தக் கண்ணிலிருந்து வரும் மங்கலான படத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடப் பழகிக்கொள்கிறது. இதைச் சோம்பல் கண் என்பர். ஏழெட்டு வயதிற்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியாலும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைத்துக் குறையுள்ள கண்ணுக்கு வேலை கொடுப்பதாலும் பெரும்பாலும் சீராக்கலாம். வயது ஏற ஏற மூளையின் பழக்கம் இறுகிவிடும். பின்னர் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி வாங்கினாலும் பயன் குறைவே. இதற்காகத்தான் பிள்ளை பாலர் பள்ளியில் சேரும் வயதிலேயே, அதாவது நான்கு வயதளவிலேயே, ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். மாறுகண் உள்ள பிள்ளையை அதிர்ஷ்டக்காரப் பிள்ளை என்று கொஞ்சும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொஞ்சுவது இருக்கட்டும், மருத்துவரிடமும் காட்டுங்கள். மாறுகண் சோம்பல் கண்ணுக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. கைக்குழந்தையின் கருவிழி நடுவே வெண்மையாகத் தெரிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம். கண்ணுக்குள் தோன்றும் புற்றாகவும் இருக்கலாம்.

பள்ளிப் பருவத்தில் மிகுதியாக வருவது கிட்டப்பார்வை. அருகில் உள்ளது தெளிவாகவும் தொலைவில் உள்ளது மங்கலாகவும் தெரியும். உடல் வளரும்போது கண்விழியும் நீளவாக்கில் அளவுக்கு மீறி வளர்ந்துவிடுவதே இதன் காரணம். ஆகவே எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை இது விரைந்து ஏறும். முதலாம் ஆண்டுச் சோதனைக்கும் ஆறாம் ஆண்டுச் சோதனைக்கும் இடையில் விழும் வயது இதுவே என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். நமக்குப் பாலம் தாண்டியதும் இருக்கும் சிங்கப்பூரில் கிட்டப்பார்வை மிகப் பரவியதால், அரசாங்கமே 2001-ஆம் ஆண்டில் அதைத் தடுப்பதற்கென்று தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டியதாயிற்று. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் வெயில் வெளிச்சத்தில் இருக்கச் செய்யும் திட்டம் நடத்தினர். பார்வைக் குறை ஏறிக்கொண்டே போன போக்கு அங்கே திரும்பியது. பகல் வெளிச்சத்திற்குக் கண்விழியின் நீட்சியை அடக்கும் தன்மை உண்டு என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 2020-இல் நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுக் கைப்பேசியிலே பாடம் நடந்தபோது, சீன நாட்டில் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை சட்டென உயர்ந்ததை அங்குள்ள பள்ளிச் சோதனைகளே காட்டின. நம் தோட்டத்துத் திடல் பெரியது. அதில் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகள் நான் இங்கு வந்தபோது இருந்ததைவிட இப்போது குறைவு. பாட்டன் காலத்துப் பிள்ளைகளை, ‘வெயிலில் ஆடாதே, உள்ளே வா’ என்று அழைத்தனர். இக்காலத்துப் பிள்ளைகளை வெளியே போ என்று விரட்ட வேண்டியிருக்கிறது.

கண்ணாடி போட்டால் கண் மேலும் கெட்டுவிடும் என்று சிலர் நம்புகின்றனர். அது தவறு. போடாவிட்டாலும் வளரும் பருவத்தில் குறை ஏறவே செய்யும். போட்டால் அதுவரை படிக்கவாவது முடியும். ஆண்டுக்கொரு முறை சோதித்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளை மாப்பிள்ளை கிடைக்குமா என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டதுண்டு. அந்தப் பிள்ளை இன்று பட்டதாரி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கண்ணாடியும் போட்டிருக்கிறார்.

இனிப் பெரியவர்களிடம் பேச வேண்டும். இப்பகுதியை எழுதுவதற்கே இக்கட்டுரையைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

என் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். பால் வெட்டு பார்ப்பதற்கு எளிது. ஒரு வெட்டில் சீவியெடுக்கும் பட்டையின் கனம் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டரே. கத்தி ஆழமாகப் போகாவிட்டால் பால் குறையும். சற்று மிகுந்தால் மரத்தின் உயிர்த்தோலில் காயம் பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து பிறகு வெட்டுக்கு ஆகாமல் போகும். ஆகவே காயப்பட்ட மரங்களைக் கங்காணி எண்ணிக் குறித்துக்கொள்வார். இருபது ஆண்டுகள் காயமின்றி வெட்டி நற்பெயர் எடுத்த என் தந்தையாரின் நிரையில், 1980-ஆம் ஆண்டையொட்டிக் காயங்கள் மிகுந்தன. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ‘கை நடுங்குகிறது, குடிக்கிறார் போலும்’ என்று பேசிக்கொண்டனர். அவர் குடித்ததில்லை. முடிவில் அவரைப் பால் வெட்டிலிருந்து எடுத்துப் புல் வெட்டும் வேலைக்குப் போட்டனர். சம்பளம் குறைந்தது. அதைவிட, அவர் குரல் குறைந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. பத்து வயதுப் பையனாக இருந்த நான், அவர் கடிதங்களைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்க முயல்வதைக் கண்டிருக்கிறேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அன்று லயத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அது வெள்ளெழுத்து. கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது மங்கும் குறை. சில வெள்ளி விலையுள்ள கண்ணாடி ஒன்று இருந்திருந்தால் அவர் இன்னும் பத்தாண்டுகள் நல்ல பால் வெட்டுக்காரராகவே இருந்திருப்பார் என்று இப்போது அறிகிறேன்.

வெள்ளெழுத்து நோயன்று, முதுமையின் தொடக்க அடையாளம். கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் பார்க்கும்போது குவிந்தும், தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகியும் வேலை செய்யும். நாற்பதைத் தாண்டினால் அது இறுகத் தொடங்கும். ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடும் பாட்டியும், சம்பளச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும் தாத்தாவும் இதற்குச் சான்று. விதிவிலக்கின்றி எல்லாருக்கும் வருவது; எழுதுகிற எனக்கும் வந்திருக்கிறது.

இதைப் பற்றி அஸ்ஸாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடத்திய ஆய்வொன்று 2018-ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. அதைப் படித்தபோது என் தந்தையாரின் முகமே கண்முன் வந்தது. நாற்பதும் அதற்கு மேலும் வயதான, அருகுப் பார்வை மங்கிய கொழுந்து பறிப்போர் 751 பேரை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உடனே இலவசக் கண்ணாடி கொடுத்தனர். மற்றவர்க்கு ஆய்வு முடிந்த பின் கொடுத்தனர். நாள்தோறும் யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார் என்று தோட்டத்துக் கணக்கே சொல்லும் அல்லவா? சில மாதங்களில் கண்ணாடி அணிந்தோர், அணியாதோரைவிட 21.7 விழுக்காடு அதிகம் பறித்திருந்தனர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த உயர்வு முப்பது விழுக்காட்டையும் கடந்தது. மருந்தில்லை, அறுவையில்லை, புதுக் கருவியில்லை. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி. நம் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் பூச்சி மருந்துக் குப்பியில் அச்சிட்ட அளவைப் படிக்கவும், அரிவாளைத் தீட்டவும், சம்பளச் சீட்டைச் சரிபார்க்கவும் அருகுப் பார்வை வேண்டியதுதானே?

செம்பனை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் மட்டையை அறுப்பவர் அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறார். தூசியும் சிராய்களும் நேரே கண்ணில் விழும். இலை கீறியோ முள் பட்டோ கருவிழியில் காயம் ஏற்பட்டால் அதில் காளான் கிருமி புகக்கூடும். அப்புண் மெதுவாகப் பரவிப் பார்வையைக் கெடுக்கும். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, நாவால் தூசி எடுப்பது, கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவது ஆகியவற்றை இனி விட்டுவிட வேண்டும். கடைச் சொட்டு மருந்துகளில் சில, காளான் புண்ணை இன்னும் வளர்த்துவிடும். அன்றே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். களைக்கொல்லியோ ரப்பர்ப் பாலில் கலக்கும் புளியோ தெறித்துவிட்டால் மட்டும் கிளினிக்கு ஓடுவதற்கு முன், நின்ற இடத்திலேயே சுத்தமான நீரால் கால் மணி நேரமாவது கண்ணை விடாமல் கழுவ வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியைத் தோட்டம் கொடுத்தால் அணியுங்கள்; சட்டைப் பையில் இருந்தால் அது சட்டைப் பையைத்தான் காக்கும்.

அடுத்து இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றில் 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது நூற்றில் 31. நாடு முழுவதும் இந்நோய் இருந்தவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர், தமக்கு அந்நோய் உள்ளதென்றே அறியாதவர்கள். சர்க்கரை மிகுந்த இரத்தம் கண்ணின் பின்திரையிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லச் சிதைக்கும். அவை கசியும், அடைபடும், பின் தாறுமாறாகப் புதிதாய் முளைத்து உடையும். முதல் சில ஆண்டுகள் பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது. தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகையால் இனிப்பு நீர் உள்ளவர், ‘எனக்கு நன்றாகத் தெரிகிறதே’ என்று இருந்துவிடாமல், ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்புறத்தைக் காட்ட வேண்டும். எழுத்து அட்டை இதற்குப் போதாது. சொட்டு மருந்திட்டுக் கருவிழியின் துளையை விரித்து உள்ளே பார்ப்பர். அல்லது படம் பிடிப்பர். அன்று சில மணி நேரம் வெளிச்சம் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியே போகாமல் யாரேனும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கண் அழுத்த நோயோ இன்னும் அமைதியானது. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து பட்டுப்போகும். நடுப்பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கும். ஓரத்தில் வரும் லாரி தெரியாது. இழந்த பார்வை மீளாது. மருந்தால் எஞ்சியதைக் காக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோரில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால் நாற்பது வயதிலிருந்தே தவறாமல் அழுத்தம் பார்க்க வேண்டும்.

கண்புரையைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பது இன்று சாதாரண அறுவை. ஆனாலும் 2014-இல் நம் நாட்டில் ஐம்பது வயதிற்கு மேற்பட்டோரிடம் நடத்திய தேசியக் கண் ஆய்வில், பார்வையிழந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் அறுவை செய்துகொள்ளாத கண்புரையே என்று தெரிந்தது. வைத்தியம் இருக்கிறது; இருந்தும் இருட்டு.

இது ஏன் என்பதற்கு மதுரையில் கிடைத்த பாடம் ஒன்றுண்டு. தென் தமிழகத்தின் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்தவர் மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி. இளமையிலேயே மூட்டுவாதம் தாக்கிக் கைவிரல்கள் கோணிப்போயின. பேனாவைப் பிடிக்கவே முதலில் இயலாதிருந்தவர், அக்கோணல் விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல், தமது ஐம்பத்தெட்டாம் வயதில், பதினொரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கொடுக்க இயன்றவர் கொடுத்தனர். இயலாதவர்க்கு அதே அறுவை இலவசம். செயற்கை வில்லைகள் வெளிநாட்டிலிருந்து வந்து விலை எட்டாதிருந்தமையால், 1992-இல் அவற்றைத் தாங்களே செய்யத் தொடங்கி விலையைப் பல மடங்கு குறைத்தனர். அவர் 2006-இல் காலமானார். மருத்துவமனை இன்றும் ஓங்கி நிற்கிறது.

அந்த மருத்துவமனை கிராமங்களில் இலவசக் கண் முகாம்களை நடத்தி வந்தது. கட்டணமே இல்லையென்றால் எல்லாரும் வந்துவிடுவர் என்றுதானே எண்ணுவோம்? முகாம் நடந்த ஊர்களில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தபோது, கண் குறை உடையோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமிற்கு வந்திருந்தனர் என்று தெரிந்தது. 1999-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. வராதவர்கள் சொன்ன காரணங்கள் நம் லயத்தில் கேட்பவையே. ஒரு நாள் கூலி போய்விடும், அழைத்துச் செல்ல ஆளில்லை, பயம், வயதாகிவிட்டது, இனிப் பார்த்து என்ன ஆகப் போகிறது, அவசரமில்லை. இதன்பின் அம்மருத்துவமனை, ஊர்மக்கள் வரட்டும் என்று காத்திராமல் கிராமங்களின் நடுவிலேயே நிலையான சிறு கண் நிலையங்களைத் திறந்தது. மருத்துவர் மதுரையில் இருந்தபடியே இணையவழி நோயாளியிடம் பேசுகிறார்.

நம் தோட்டத்திற்கு அப்படி ஒரு நிலையம் இல்லை. ஆனால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் உண்டு. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கடிதம் பெறலாம். பட்டணத்துக் கண்ணாடிக் கடைகளிலும் தேர்ச்சி பெற்றவர்கள் பார்வையை அளக்கிறார்கள். குறையில்லாத பெரியவர்கள் நாற்பதிலிருந்து இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அறுபதைக் கடந்தோர் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டிலும் ஒன்று செய்யலாம். சுவரில் தொங்கும் நாட்காட்டியிலிருந்து சில அடி தள்ளி நின்று, உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, மறு கண்ணால் தேதியையும் அதன் கீழுள்ள சிற்றெழுத்தையும் படியுங்கள். பின் கண்ணை மாற்றுங்கள். இரு கண்ணுக்கும் வேறுபாடு இருந்தாலோ, சென்ற மாதம் படித்த எழுத்து இம்மாதம் தெரியாவிட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளைகளே, இதை உங்கள் தாத்தா பாட்டிக்குச் செய்து காட்டும் வேலை உங்களுடையது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை நாங்கள் சும்மா விடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டின் முதல் தவணையிலும் இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரையுள்ள எல்லா மாணவரையும், ஆசிரியர்களே மண்டபத்தில் ஆறு மீட்டர் கோடு போட்டு நிறுத்தி அட்டையைப் படிக்கச் செய்கிறோம். நாங்கள் மருத்துவரல்லர்; ‘இப்பிள்ளையைக் காட்டுங்கள்’ என்று சொல்ல மட்டுமே எங்களால் இயலும். கண்களைச் சுருக்கிப் பார்ப்பவர், தலையைச் சாய்த்துப் படிப்பவர், தொலைக்காட்சியின் அருகே போய் நிற்பவர், அடிக்கடி தலைவலி என்பவர் ஆகியோரின் பெயர்களையும் வகுப்பாசிரியர்கள் குறித்து வைத்திருக்கின்றனர்.

இவ்வாண்டு அவ்வாறு பதினோரு பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினோம். ஏழு கடிதங்கள் கையொப்பத்துடன் திரும்பி வந்தன. அவற்றுள் ஐந்து பிள்ளைகள் இப்போது கண்ணாடி அணிகின்றனர். இன்னும் நான்கு கடிதங்கள் திரும்பவில்லை. புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கலாம். அந்நான்கின் நகல்களையும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, பிள்ளையை அழைத்துப் போக வரும்போது, ஐந்து நிமிடம் அலுவலகத்திற்குள் வாருங்கள். வேலை முடிந்து வரும் உடையிலேயே வரலாம். பட்டணத்திற்குப் போக வாகன வசதி இல்லையென்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் என் வண்டியில் நால்வருக்கு இடமிருக்கிறது.